முசிறி முதல் மட்டாஞ்சேரி வரை: சேரநாட்டு வரலாற்றின் திருப்புமுனைகளும் தமிழாய்வின் எல்லையும்

முன்னுரை

வரலாற்றைக் காலப்பகுதிகளாகப் பகுத்துரைப்போர், ஒரு காலத்தை மற்றொரு காலத்தினின்றும் பிரித்துக் காட்டும் நிகழ்ச்சியைத் திருப்புமுனை என்பர். தமிழக வரலாற்றில் களப்பிரர் வருகை, பல்லவ பாண்டியர் எழுச்சி, சோழப் பேரரசின் தோற்றம் என்பன இவ்வகையில் சுட்டப்படுகின்றன. சேரநாட்டைப் பொறுத்தவரை முசிறித் துறையின் வீழ்ச்சி, மகோதையில் பெருமாக்களின் ஆட்சி, தமிழினின்றும் மலையாளம் பிரிந்தமை, கி.பி. 1341-இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் ஆகிய நான்கும் பெரும்பாலான நூல்களில் திருப்புமுனைகளாக எடுத்துரைக்கப்படுகின்றன.

இத்திருப்புமுனைகள் இலக்கிய வரலாற்றின் எல்லைகளாகவும் கொள்ளப்பட்டுள்ளன. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் சேரநாடு பதிற்றுப்பத்தோடு தோன்றிச் சிலப்பதிகாரத்தில் ஒளிர்ந்து, குலசேகராழ்வாரோடும் சேரமான் பெருமாள் நாயனாரோடும் மறைந்துவிடுகிறது. அதன்பின் அந்நாட்டில் எழுந்த எழுத்துச் சான்றுகள் மலையாள ஆய்வாளர்க்கு உரியன என்று விடப்படுகின்றன. இவ்வாறு விடப்பட்டவற்றுள் தலையாயது கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தில் போற்றப்பட்டு வரும் செப்பேடாகும். சேரப் பெருமாள் பாற்கர இரவிவர்மன், ஈசுப்பு இறப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய உரிமைகளை அது பதிவு செய்கிறது. அச்செப்பேட்டைச் சங்க நூல்களோடு ஒருங்குவைத்து நோக்கி, மேற்கூறிய திருப்புமுனைகள் எந்த அளவிற்குச் சான்றுடையன என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. செப்பேடும் அதன் காலமும்

பரதேசி தொழுகைக் கூடம் கி.பி. 1568-இல் எழுப்பப்பட்டது. செப்பேடு அதனினும் ஐந்தரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. கொடுங்கல்லூரில் வாழ்ந்த யூதர் கொச்சிப் பகுதிக்குப் பெயர்ந்தபோது தம் உரிமைப் பட்டயத்தையும் உடன்கொண்டு வந்தனர். ஆதலின் மட்டாஞ்சேரி செப்பேட்டின் இருப்பிடமேயன்றிப் பிறப்பிடம் அன்று. அரசன் முயிரிக்கோட்டில் இருந்தருளிய நாளில் அது வழங்கப்பட்டதாகச் செப்பேடே கூறுகிறது.

வட்டெழுத்தில் அமைந்த இதில் வடசொற்களை எழுதக் கிரந்த எழுத்துக்கள் இடையிடையே கலந்துள்ளன. எர்மன் குண்டர்ட் 1844-இல் இதன் வாசகத்தை வெளியிட்டார். பின்னர் ஊல்ச்சு அதனை எபிகிராபியா இண்டிகா மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். ஆட்சியாண்டு 'இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு' என்னும் முறையில் குறிக்கப்பட்டுள்ளது. இஃது அரசனின் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டு. பாற்கர இரவியின் முடிசூட்டைக் கி.பி. 962 எனக் கணித்த எம்.ஜி.எஸ். நாராயணன் இதன் காலத்தைக் கி.பி. 1000 என வரையறுத்தார். ஆய்வுலகம் பெரிதும் இதனை ஏற்றுள்ளது.

சமூக மரபோ இதனைக் கி.பி. நான்காம் நூற்றாண்டு வரை பின்னுக்குக் கொண்டு சென்றது. தம் குடியேற்றம் எருசலேம் கோயில் அழிவுற்ற கி.பி. 70-ஐ ஒட்டியது என்ற நம்பிக்கைக்கு ஏற்பப் பட்டயத்தின் பழமையையும் அச்சமூகம் உயர்த்திக் கொண்டது. எழுத்தமைதியும் மொழியும் இதற்கு இடம் தரவில்லை. எனினும் இம்மரபு வழியாக ஓர் உண்மை புலனாகிறது. முதலில் வந்தோர் யார் என்னும் கேள்வியே காலக்கணிப்பை வழிநடத்துமாயின் சான்று பின்தள்ளப்படும். யூத மரபைக் குறைகூறும் ஆய்வாளர், மொழிப் பழமை பற்றிய தம் வாதங்களிலும் இதே நாட்டம் செயற்படுவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2. முசிறியின் வீழ்ச்சி: ஒரு நிகழ்ச்சியா, நெடிய மாற்றமா?

யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு மீண்டமையை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியுள்ளார் (அகம். 149). மீனுக்கு நெல்லை மாற்றும் வீடுகளையும், மனைகளில் குவிந்த மிளகு மூட்டைகளையும், கலங்கள் தந்த பொன்னைத் தோணிகள் கரைசேர்ப்பதையும் புறநானூற்று 343-ஆம் பாடலில் பரணர் காட்டுகிறார். பெருங்கலம் கடலில் நிற்கத் தோணி இடையில் இயங்கியது என்னும் பரணரின் செய்தி, முசிறியில் கலங்கள் கரையினின்றும் தொலைவில் நிற்பதாகப் பிளினி குறைகூறுவதோடு ஒத்துச் செல்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த வியன்னாப் பாப்பிரசுச் சுவடி, முசிறி வணிகத்தோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தத்தையும் எர்மபோலோன் என்னும் கலத்தின் சரக்கு மதிப்பையும் தருகிறது. 2007 முதல் பட்டணத்தில் நிகழ்ந்த அகழாய்வுகள் மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் ஓடுகளையும் தமிழ் பிராமி எழுத்துடைய மட்கல ஓடுகளையும் வெளிப்படுத்தின. பட்டணமே முசிறி எனத் துணிவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், பெரியாற்றுக் கழிமுகத்தில் செழித்த கடல் வணிகம் இப்போது ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

இச்சான்றுகளின் பின்னர் எழும் வினா, முசிறி எப்போது வீழ்ந்தது என்பதாகும். செழியன் முசிறியை முற்றுகையிட்டான் என அகநானூற்றின் 57, 149 ஆகிய பாடல்கள் கூறுகின்றன. இதனை வீழ்ச்சியின் தொடக்கமாகக் கொள்வோர் உளர். ஆயின் அகம் 149-இல் முசிறியின் வளமும் செழியனின் முற்றுகையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முசிறி வளமுடையதாதலின் அதை வெல்வது புகழாயிற்று. அம்முற்றுகையை நகரின் முடிவாகப் புலவர் கருதவில்லை. உரோமப் பேரரசின் பொருளாதார நலிவு மூன்றாம் நூற்றாண்டில் மேலைக் கடல் வணிகத்தைப் பாதித்திருக்கக் கூடும். அதனால் துறைமுகம் அற்றுப் போயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இங்குச் செப்பேட்டின் இடப்பெயர் பெரிதும் துணைபுரிகிறது. முயிரிக்கோடு என்பதன் முற்பகுதி முசிறியின் திரிபேயாகும். உயிரிடைச் சகரம் யகரமாதல் தமிழில் பரவலாகக் காணப்படும் ஒலிமாற்றம். ஊசல், ஊயல் என்பன போன்ற இணைகள் இதனை விளக்கும். றகர ரகர மாற்றமும் இப்பகுதிக்குப் புதிதன்று. எனவே கி.பி. 1000-இலும் முசிறி என்னும் பெயர் அரசு ஆவணத்தில் வழங்கிற்று. அங்கு அரசன் இருந்தான். வணிகத் தலைவனும் இருந்தான். சுங்கமும் எடைக்கூலியும் தண்டப்பட்டன. சங்க இலக்கியத்தோடு முசிறியின் வரலாற்றை முடித்துவிடும் நூல்கள் இத்தொடர்ச்சியைக் காணத் தவறின. யவனர் வரவு குறைந்ததையே துறையின் மறைவாக அவை கொண்டன. பின்னாளில் அரபு, பாரசீக, யூத வணிகர் அவ்விடத்தை நிரப்பினர். தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் (கி.பி. 849) கூபி அரபு, பகலவி, எபிரேய எழுத்துக்களில் சான்றாளர் ஒப்பமிட்டிருப்பது கொல்லத்தில் இம்மாற்றம் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றதைக் காட்டும்.

3. கொடையின் பொருள் மாற்றம்

ஆண்டுக்கணக்கைக் கொண்டு திருப்புமுனை தேடுவோர்க்குப் புலப்படாத ஒரு மாற்றம், சொற்களின் பொருளை நோக்குவோர்க்குத் தெளிவாகிறது. கொடை என்னும் பண்பை எடுத்துக்கொள்ளலாம்.

பதிற்றுப்பத்தின் பதிகங்கள் பாடினோர் பெற்ற பரிசிலைக் குறிக்கின்றன. இரண்டாம் பத்தைப் பாடிய குமட்டூர்க் கண்ணனார் உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களையும், முப்பத்தெட்டு ஆண்டுகள் தென்னாட்டு வருவாயில் பங்கையும் பெற்றார். ஏழாம் பத்தைப் பாடிய கபிலர் நூறாயிரம் காணத்தோடு, நன்றா என்னும் குன்றின்மீது நின்று செல்வக்கடுங்கோ வாழியாதன் தன் கண்ணிற்கண்ட நாட்டையும் பெற்றார். இப்பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. பொன், ஊர், நாடு, வருவாய் எனப் பொருள்களாகவே அவற்றில் கொடை அமைந்துள்ளது. பெறுவோர் புலவர், கைம்மாறாகக் கிடைப்பது பாட்டு.

செப்பேட்டில் பொன்னும் இல்லை, ஊரும் இல்லை. அஞ்சுவண்ணம், பகல்விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, அந்தோளகம் என்னும் பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம் என்னும் ஊதுகொம்பு, தோரணம், தோரணவிதானம் உள்ளிட்ட எழுபத்திரண்டு வீடுபேறுகள் வழங்கப்படுகின்றன. உல்கும் துலாக்கூலியும் விடப்படுகின்றன. நகரத்துக் குடிகள் கோயிலுக்கு, அதாவது அரண்மனைக்கு, இறுக்கும் இறையை இவன் இறுக்க வேண்டியதில்லை. அவர்கள் பெறுவனவற்றை இவனும் பெறுவான். பெறுவோன் வணிகன். கைம்மாறு எதுவெனச் செப்பேடு கூறவில்லை. முதலாம் இராசராசனின் (985-1014) படையெடுப்பை எதிர்கொள்ளும் நெருக்கடியில் வணிகரின் கலமும் பொருளும் அரசனுக்குத் தேவைப்பட்டன என வரலாற்றாசிரியர் சிலர் ஊகிக்கின்றனர். காலம் இதற்குப் பொருந்துகிறது. வாசகத்தில் நேர்ச்சான்று இல்லை.

இங்குக் குடையும் பறையும் தனியே நோக்கத்தக்கன. புறநானூற்றில் வெண்கொற்றக் குடையும் முரசும் வேந்தனுக்கே உரியன. பிறர் குடையைத் தாழச் செய்தலும் பிறர் முரசைக் கவர்தலும் வெற்றியின் அடையாளங்கள். முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைச் சேரமான் தகடூரெறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் எறியாது விட்டமை (புறம். 50) பெருஞ்செயலாகப் பாடப்பட்டதற்குக் காரணம், முரசின் தூய்மை அரசின் தூய்மையாகக் கருதப்பட்டமையே. அதே சேர மரபைத் தமதெனக் கொண்ட பெருமாள் ஒருவன், குடையையும் பறையையும் கொடையாகப் பகிர்ந்தளிக்கிறான். அரசனின் முரசும் வணிகனின் வடுகப்பறையும் ஒன்றல்ல என்பது மெய்யே. எனினும் சின்னம் என்பது ஒருவர்க்கே உரியது என்ற நிலை மாறி, தரவரிசைப்படி பலர்க்கும் பங்கிடத் தக்கது என்ற நிலை தோன்றிவிட்டது. பொருள்கொடை மதிப்புக்கொடையாக மாறிய இதனையே திருப்புமுனை என்னும் பெயருக்கு உரியதாகக் கொள்ளலாம்.

உல்கு என்னும் சொல்லும் இதற்கு அரண் செய்கிறது. உரிமையாளர் இன்றி வந்துற்ற பொருளையும் சுங்கப் பொருளையும் பகைவரிடம் கொள்ளும் திறையையும் வேந்தன் பொருள் என்று திருக்குறள் வகுக்கிறது (756). காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையில் சரக்கிற்குப் புலிப்பொறி இட்டு உல்கு கொள்வோரின் ஓய்வற்ற பணியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. அரசுரிமையின் உறுப்பாக இலக்கணம் பெற்ற உல்கைக் கி.பி. 1000-இல் அரசன் வழிவழியாக விட்டுக்கொடுக்கிறான். வருவாயை இழந்தும் வணிகரைத் தன்னோடு பிணித்துக்கொள்ள வேண்டிய தேவை அரசுக்கு நேர்ந்தது என்று இதனை விளக்கலாம்.

4. இரு பட்டயங்கள்: ஓர் ஒப்பீடு

இக்காலத்தை ஒட்டியே சோழநாட்டில் ஆனைமங்கலப் பட்டயம் எழுந்தது. லெய்டன் செப்பேடு எனப் பெயர்பெற்ற அது, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி வர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கியமையைக் கூறுகிறது. இரண்டும் கடல்கடந்து வந்தோர் தொடர்பானவை. இரண்டும் அரசனின் சமயத்தைச் சாராதோர்க்கு அளிக்கப்பட்டவை.

வேறுபாடுகள் குறிப்பிடத்தக்கன. சோழப் பட்டயம் வடமொழிப் பகுதியில் குலமுறை கிளத்தி, தமிழ்ப் பகுதியில் அதிகாரிகளின் நெடிய நிரலைத் தருகிறது. பெருமாளின் பட்டயத்தில் குலவரலாறு இல்லை, வாசகம் சுருங்கியது. சோழன் நிலத்தைத் தருகிறான். பெருமாள் உரிமையைத் தருகிறான். சோழப் பட்டயத்தின் உறுதிப்பாடு அரசன் ஆணையிலும் அலுவலர் கையெழுத்திலும் உள்ளது. பெருமாளின் பட்டயத்திலோ வேணாடு, வெண்பொலிநாடு, ஏறாள்நாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு ஆகியவற்றை ஆள்வோர் 'அறியும்' என்ற முறையில் சான்றாளராக நிற்கின்றனர்.

இச்சான்றாளர் நிரல் வரலாற்று முதன்மை உடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் பெருமாள் ஆட்சி முடிவுற்றபோது இந்நாடுகளே தனியரசுகளாயின. வேணாடு பின்னாளில் திருவிதாங்கூர் ஆயிற்று. ஏறாள்நாட்டு மரபினர் கோழிக்கோட்டுச் சாமூதிரி ஆயினர். ஆகவே பேரரசு சிதறியமை ஒரு நாளில் நிகழ்ந்த உடைவு அன்று. நாடுடையோரின் ஒப்புதலின்றிப் பெருமாளின் கொடை நிறைவுறாது என்ற நிலையில் அச்சிதறல் முன்னரே பொதிந்திருந்தது. சோழரோடு நிகழ்ந்த நூற்றாண்டுப் போரே இச்சிதறலுக்குக் காரணம் என்று இளங்குளம் குஞ்ஞன்பிள்ளை வலியுறுத்தினார். எம்.ஜி.எஸ். நாராயணனின் ஆய்வு அரசின் உள்ளமைப்பை நோக்கிக் கவனத்தைத் திருப்பியது. செப்பேட்டு வாசகம் பின்னவர் கருத்திற்கே மிகுதியும் அரண் செய்கிறது. கொச்சியைப் பின்னர் ஆண்ட பெரும்படப்பு மரபு இந்நிரலில் இடம்பெறவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று செப்பேட்டோடு சேர்த்து நினைக்கப்படும் கொச்சி அரசும் கொச்சித் துறையும் அதனை எழுதியோர் அறியாதன.

5. மொழிப் பிரிவு என்னும் திருப்புமுனை

செப்பேட்டின் மொழி எது? மலையாள ஆய்வாளர் பலர் இதனைப் பழைய மலையாளம் என்பர். தமிழாய்வாளர் சேரநாட்டு வழக்குத் தமிழ் என்பர். தமிழுக்கு 2004-இலும் மலையாளத்திற்கு 2013-இலும் செம்மொழித் தகுதி வழங்கப்பட்டதை ஒட்டி இவ்வாதம் மேலும் கூர்மை பெற்றது. இருதரப்பாரும் வாசகத்தைக் கூர்ந்து நோக்குவதினும் அதற்கு உரிமை கோருவதிலேயே முனைந்தனர் எனல் மிகையன்று.

வாசகம் தரும் சான்றுகள் இருவகையின. 'குடுத்தோம்', 'விட்டோம்' என வினைமுற்றுக்கள் தன்மைப்பன்மை விகுதி பெற்று வருகின்றன. திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை இழத்தல் மலையாளத்தின் தலையாய இயல்பு என்பது மொழியியலார் துணிபு. அவ்விழப்பு இங்கு நிகழவில்லை. 'ஆளாநின்ற' என்னும் நிகழ்காலப் பெயரெச்சம் அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பயில்வதே. மறுபுறம் 'பிரசாதிச்சருளிய' என்பதில் தகரம் சகரமாய்த் திரிந்துள்ளது. ஐந்து என்பதோடு இயைபுபடுத்தப்படும் 'அஞ்சு' என்னும் வடிவும், 'குடுத்தோம்' என்பதன் முதல் உயிரும் பேச்சுவழக்கை ஒட்டியன. இத்திரிபுகள் தமிழகப் பேச்சுவழக்கிலும் உள்ளன. ஆதலின் இவற்றைக் கொண்டு மலையாளம் பிரிந்தது என்று துணிதல் இயலாது. அதுபோன்றே, விகுதி எஞ்சியமை ஒன்றையே கொண்டு அந்நாட்டுப் பேச்சுமொழியும் தஞ்சையின் பேச்சுமொழியும் ஒன்றே எனத் துணிதலும் இயலாது. ஆவண நடை மரபைக் காப்பது. பேச்சு அதற்கு முன்னே சென்றிருக்கும்.

சொற்பொருளிலோ மற்றொரு நுட்பம் உள்ளது. இறப்பானின் ஆண்மக்கள், பெண்மக்கள் ஆகியோரை அடுத்து மருமக்களும், பின்னர்ப் பெண்மக்களைக் கொண்ட மருமக்களும் தனித்தனியே வழியுரிமையராகக் குறிக்கப்பட்டுள்ளனர். மகளை மணந்தோர் தனியே அடைகொடுத்துச் சுட்டப்படுதலின், அடையற்ற மருமக்கள் என்னும் சொல் உடன்பிறந்தாள் மக்களைக் குறித்தது எனக் கொள்ள இடமுண்டு. பின்னாளைய மருமக்கத்தாய முறையின் சொல்லாட்சி இங்கு முளைவிடுகிறது எனலாம். தமிழின் உறவுச்சொல்லும் சேரநாட்டுச் சமூக அமைப்பும் சந்திக்கும் இடம் இது. மொழி ஒன்றாயிருக்க வழக்காறு வேறாகி வந்தமையை இச்சொல் காட்டுகிறது. ஒரு மொழி இரண்டாதல் எழுத்திலோ விகுதியிலோ தொடங்கும் முன்னரே வாழ்வியலில் தொடங்குகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அஞ்சுவண்ணம் என்பதும் அத்தகையதே. வணிகக் குழுவைக் குறிக்கும் இச்சொல்லை அவை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லான அஞ்சுமன் என்பதோடு அறிஞர் இணைப்பர். ஐந்து வண்ணத்தார் எனப் பிரித்துப் பொருள் கண்டது பிற்கால விளக்கம். இச்சொல் தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் பயில்கிறது. எனவே நாகப்பட்டினத்தையும் கொடுங்கல்லூரையும் ஒரே வணிக வலையில் வைத்து நோக்கும் ஆய்வுக்கே இச்சொல் முழுப்பொருள் தரும். இன்றைய மாநில எல்லையில் நின்று நோக்குவோர்க்கு அதன் பாதியே புலப்படும்.

பதினான்காம் நூற்றாண்டின் லீலாதிலகம் மணிப்பிரவாளத்திற்கு இலக்கணம் வகுக்கும்போது பாட்டு என்னும் வகையைத் தமிழெழுத்தோடு இணைத்து வரையறுப்பதும் இங்கு எண்ணத்தக்கது. செப்பேட்டிற்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அந்நாட்டுப் புலமை மரபு தமிழோடு தனக்குள்ள உறவை விளக்க வேண்டிய தேவையை உணர்ந்தது. பிரிவு என்பது கி.பி. 800 என்றோ 1000 என்றோ குறிக்கத்தக்க ஆண்டு அன்று. பல தலைமுறைகள் நீண்ட உரையாடல் எனலே பொருந்தும்.

6. 1341: வெள்ளமும் விளக்கமும்

கி.பி. 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் பெருகி முசிறியின் முகத்துவாரத்தைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்பது பரவலாக எடுத்தாளப்படும் செய்தி. வைப்பின் தீவின் தோற்றத்தை ஒட்டிய புதுவைப்பு ஆண்டுக்கணக்கு அவ்வாண்டிலிருந்து தொடங்குகிறது. இச்செய்தி பெரிதும் அவ்வாண்டுக் கணக்கையும் மரபுரைகளையும் சார்ந்தது. ஆறும் கடலும் கூடுமிடத்தில் மணல் படிதலும் வாய் மாறுதலும் நூற்றாண்டுகளாக நிகழ்வன. பிளினியின் காலத்திலேயே பெருங்கலங்கள் முசிறிக் கரையை அணுகவில்லை என்பது முன்னர்க் கூறப்பட்டது. எனவே ஓராண்டு வெள்ளம் ஈராயிரம் ஆண்டுத் துறையை ஒருங்கே அழித்தது எனலினும், நெடுங்காலத் தூர்வினை அவ்வெள்ளம் முடித்துவைத்தது எனலே ஏற்புடைத்து.

மட்டாஞ்சேரியிலேயே இதற்கு ஒரு துணைச்சான்று உண்டு. கொச்சங்காடியில் இருந்த பழைய யூதர் தொழுகைக் கூடத்தின் எபிரேயக் கல்வெட்டு பரதேசி தொழுகைக் கூடத்துச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. 1344. வெள்ளத்திற்கும் கல்வெட்டிற்கும் இடைப்பட்டவை மூன்றே ஆண்டுகள். ஒரு சமூகம் குடிபெயர்ந்து, நிலம் பெற்று, பொருள் ஈட்டிக் கல்லால் தொழுகைக் கூடம் எடுக்க மூன்றாண்டு போதுமா என்பது வினவத்தக்கது. வெள்ளத்திற்கு முன்னரே கொச்சிப் பகுதியில் அவர்தம் குடியிருப்பு வேரூன்றியிருந்தது என்று கொள்வதே இயல்பாகும். செந்தமங்கலத்தில் கிடைத்த கி.பி. 1269-ஆம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல்வெட்டு, யூதர் கொடுங்கல்லூர் ஒன்றில் மட்டும் வாழ்ந்தவரல்லர் என்பதை முன்னரே மெய்ப்பிக்கிறது. கொடுங்கல்லூரிலிருந்து எஞ்சியோர் போர்த்துக்கீசியர் காலத்திலும், பதினாறாம் நூற்றாண்டில், பெயர்ந்து வந்தனர். இவ்வாறு குடிப்பெயர்ச்சி மூன்று நூற்றாண்டுகள் பரந்து நிற்க, வெள்ளம் ஒன்றையே திருப்புமுனையாகக் காட்டுதல் மாந்தரின் முயற்சியை மறைத்து இயற்கையை மட்டும் முன்னிறுத்துவதாகும்.

7. தமிழாய்வின் எல்லை

மேற்கூறியவற்றால் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டமும் ஆய்வு எல்லையும் மறுபார்வைக்கு உரியன என்பது தெளிவாகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தைப் பயிலும் மாணவர், வஞ்சியின் வழிவந்ததெனக் கருதப்படும் மகோதையின் உரைநடையைப் பயில்வதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சேரமான் பெருமாளின் கொடுங்கோளூரைச் சோழநாட்டிலிருந்து பாடினார். அதே ஊரில் எழுந்த பட்டயங்கள் சேக்கிழாரை விளக்கும் சான்றுகளாகப் பயன்படுத்தப்படவில்லை. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை எழுதுவோர் உரையாசிரியர்களிலிருந்து தொடங்குகின்றனர். செப்பேட்டு உரைநடை கல்வெட்டியலாரிடம் விடப்பட்டுள்ளது. சேரநாட்டுச் செப்பேடுகளோ கல்வெட்டியலாரிலும் கேரள வரலாற்றினரிடம் விடப்பட்டுள்ளன.

இதன் இழப்பு எளிதன்று. 1948-இல் இசுரேல் தோன்றியபின் கொச்சி யூதர் பெரும்பாலோர் அந்நாட்டிற்குக் குடியேறினர். மட்டாஞ்சேரியில் அச்சமூகம் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிற்குச் சுருங்கியது. அவர்தம் மகளிர் கையேடுகளில் எழுதிப் பாடிவந்த பாடல்கள் பழஞ்சொற்கள் பலவற்றைக் காத்துள்ளன. இசுக்கறியா சக்கறியாவும் ஒபிரா காம்லியேலும் 2005-இல் கார்குழலி என்னும் தொகுப்பில் அவற்றுள் சிலவற்றை எபிரேய மொழிபெயர்ப்போடு வெளியிட்டனர். மலையாளமும் எபிரேயமும் அறிந்தோர் இப்பணியைத் தொடங்கினர். பழந்தமிழ்ச் சொற்களை இனங்காணத்தக்க தமிழாய்வாளரின் பங்களிப்பும் இதனோடு சேருமாயின் பயன் பெருகும். 2017 சூலையில் இந்தியப் பிரதமர் இச்செப்பேட்டின் படியை இசுரேல் பிரதமருக்குப் பரிசாக வழங்கினார். அரசுறவின் சின்னமாக அது உலகறியப்பட்ட பின்னரும் தமிழ் வாசகமாக அதனைப் பயிலும் முயற்சி அருகியே உள்ளது.

இங்கு உரிமைகோரல் நோக்கமன்று. இச்செப்பேட்டைத் தமிழர் சொத்து என நிறுவுவதால் தமிழுக்குப் பெருமை கூடிவிடாது. மலையாளத்தின் முதல் ஆவணம் என நிறுவுவதால் மலையாளத்திற்கும் கூடிவிடாது. இரு புலமை மரபினரும் ஒருங்கிருந்து படித்தாலன்றி முழுப்பொருள் தராத வாசகம் இது. புறநானூற்றுக் குடையை அறியாதவர்க்குச் செப்பேட்டுக் குடையின் அரசியல் புலப்படாது. மருமக்கத்தாயம் அறியாதவர்க்கு அதன் மருமக்கள் என்னும் சொல் விளங்காது.

முடிவுரை

சேரநாட்டு வரலாற்றில் திருப்புமுனைகளாகச் சுட்டப்படுவன யாவும் நெடிய மாற்றங்களின் வசதியான பெயர்களாகவே உள்ளன. முசிறி ஒரு முற்றுகையில் வீழவில்லை, முயிரிக்கோடாகத் தொடர்ந்தது. பெருமாள் அரசு ஒரு போரில் சிதறவில்லை. நாடுடையோரின் சான்றொப்பத்திலேயே அதன் கூறுபாடு இருந்தது. மொழி ஓராண்டில் பிரியவில்லை. உறவுமுறையும் வழக்காறும் வேறாகி வர, எழுத்து நெடுங்காலம் ஒன்றாயிருந்தது. கொச்சி ஒரு வெள்ளத்தில் பிறக்கவில்லை.

உண்மையான திருப்பம் நிகழ்ந்த இடம், புலவர்க்குப் பொன் தந்த அரசு வணிகர்க்குக் குடை தரத் தொடங்கிய இடமாகும். அதற்கான சான்று பாட்டில் இல்லை, பட்டயத்தில் உள்ளது. ஆகவே சங்கப் பாடல்களையும் பெருமாக்களின் பட்டயங்களையும் ஒரே பாடத்தில் இணைத்துப் பயிற்றுதலும், வட்டெழுத்துப் பயிற்சியைத் தமிழ் முதுகலைப் படிப்பின் பகுதியாக்குதலும், தமிழ் மலையாளத் துறைகள் கூடி இச்செப்பேடுகளுக்குச் சொல்லடைவு உருவாக்குதலும் உடனடியாகச் செய்யத்தக்க பணிகளாகும். இவை நிறைவேறுமாயின் சேரநாடு தமிழ் இலக்கிய வரலாற்றின் முதற்பகுதியில் தோன்றி மறையும் நாடாக நில்லாது, அதன் இடைக்காலத்தையும் விளக்கும் நாடாக அமையும்.